ஆண்டுதோறும் சேறு பூசும் ஊர்: ஜென்னே பள்ளிவாசல் சொல்லும் வரலாறு

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், நைஜர் ஆற்றின் துணையாறான பானி பாயும் வெள்ளச் சமவெளியில், ஜென்னே என்னும் தொன்மையான நகரம் இருக்கிறது. மழைக்காலத்தில் ஆறு பெருகிச் சுற்றிலும் நீர் நிற்கும்போது ஊரே ஒரு தீவாகிவிடும். அந்த ஊரின் நடுவில், திங்கட்கிழமைதோறும் சந்தை கூடும் திடலையொட்டி, முழுக்க முழுக்க மண்ணால் எழுப்பப்பட்ட பெரிய ஜும்ஆப் பள்ளிவாசல் நிற்கிறது. உலகிலேயே மிகப் பெரிய மண் கட்டடம் என்று பலராலும் குறிப்பிடப்படுவது அதுதான். கிப்லாச் சுவரில் மூன்று பெரும் கோபுரங்கள் உண்டு. சுவரெங்கும் பனந்தடிகள் கொத்துக் கொத்தாக வெளியே நீட்டிக் கொண்டிருக்கும். படங்களில் நம்மில் பலர் அதைப் பார்த்திருப்போம்.

ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலம் தொடங்குவதற்கு முன், அந்த ஊர் மக்கள் அனைவரும் திரண்டு ஒரே நாளில் பள்ளிவாசலுக்குப் புதிய மண் பூச்சுப் பூசுகிறார்கள். இளைஞர்கள் கூடைகளில் சேறு சுமந்து ஓடுகிறார்கள். பெண்களும் சிறுமியரும் தலையில் குடம் ஏந்தி ஆற்றுநீர் கொண்டு வருகிறார்கள். கொத்தனார்கள் பனந்தடிகளின் மேல் ஏறி நின்று வெறுங்கையாலேயே பூசுகிறார்கள். பல ஆண்டுகள் பூசி ஓய்ந்த முதியவர்கள் சந்தைத் திடலில் மரியாதைக்குரிய இடத்தில் அமர்ந்து அதைக் காண்கிறார்கள்.

இதைப் பார்க்கும் எவருக்கும், ஆயிரம் ஆண்டுகளாக மாறாமல் தொடரும் ஒரு மரபைக் காண்பதாகவே தோன்றும். வரலாறு சொல்வது வேறு. இன்றுள்ள கட்டடத்தின் வயது நூற்றிருபது ஆண்டுகூட இல்லை. இடையில் அந்தப் பள்ளிவாசல் கைவிடப்பட்டது, இடிந்து போனது, அந்நியர் ஆட்சியில் மீண்டும் எழுந்தது. விழுந்துபோன ஒரு மரபு மீண்டும் எழும்போது ஒரு சமூகத்தின் வாழ்வில் என்னென்ன நேரும் என்பதை அறிய, இதைவிடத் தெளிவான சான்று அரிது.

அரண்மனை இருந்த இடத்தில் பள்ளிவாசல்

பதினேழாம் நூற்றாண்டில் திம்புக்துவைச் சேர்ந்த அறிஞர் அஸ்ஸஅதீ, தாரீக் அஸ்ஸூதான் என்னும் வரலாற்று நூலை அரபு மொழியில் எழுதினார். ஜென்னே இஸ்லாத்தை ஏற்ற வரலாற்றை அவர் அதில் பதிவு செய்திருக்கிறார். கோய் கொன்போரோ என்னும் மன்னர் இஸ்லாத்தைத் தழுவ முடிவு செய்தபோது, தம் ஆட்சிப் பகுதியிலிருந்த உலமாக்கள் அனைவரையும் வரவழைத்தாராம். வந்தவர்கள் 4,200 பேர் என்கிறார் அஸ்ஸஅதீ. அவர்கள் முன்னிலையில் கலிமா மொழிந்த மன்னர், ஊருக்காக மூன்று துஆக்களைக் கேட்குமாறு வேண்டினார். வறுமையால் தம் ஊரைவிட்டு ஜென்னேவுக்கு ஓடி வருபவருக்கு அல்லாஹ் இங்கே நிறைவைத் தந்து பழைய ஊரையே மறக்கச் செய்ய வேண்டும். ஊர்க்காரரைவிட வெளியூரார் மிகுதியாக இங்கே வாழ வேண்டும். சரக்குக் கொண்டு வரும் வணிகர்கள் பொறுத்திருக்க மாட்டாமல் குறைந்த விலைக்கு விற்றுச் செல்ல, அதனால் ஊர் மக்கள் பயனடைய வேண்டும்.

அதன்பின் மன்னர் தம் அரண்மனையை இடித்து, அந்த இடத்தைப் பள்ளிவாசலாக ஆக்கினார் என்பது அந்நூல் தரும் செய்தி. பதின்மூன்றாம் நூற்றாண்டையொட்டி இது நிகழ்ந்திருக்கும் என்பது பொதுவான கருத்து. அந்த துஆக்களில் மன்னர் தமக்கென எதுவும் கேட்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. புகலிடம் தேடி வருவோர், அந்நியர், சந்தையில் பொருள் வாங்கும் எளியோர் ஆகியோரே அவற்றில் இடம்பெற்றனர். ஜென்னேவின் பள்ளிவாசல் தொடக்கத்திலேயே ஊர் வாழ்வோடு பிணைந்துதான் நின்றது.

இடிக்கவில்லை, கைவிடப்பட்டது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாசினாப் பகுதியில் ஃபுலானி இனத்தைச் சேர்ந்த மார்க்கச் சீர்திருத்தத் தலைவர் செகு அமது ஓர் ஆட்சியை நிறுவினார். ஜென்னேவும் அவர் ஆட்சிக்குள் வந்தது. எளிமையையும் ஒழுங்கையும் வலியுறுத்திய அவருக்கு, பழைய பள்ளிவாசல் உவப்பாக இல்லை. ஊரின் பகுதிதோறும் இருந்த சிறு பள்ளிவாசல்களையும் அவர் மூடச் செய்தார். 1834 முதல் 1836 வரையிலான ஆண்டுகளில், பழைய பள்ளிவாசலுக்குக் கிழக்கே, கோபுரமோ அலங்காரமோ இல்லாத, தாழ்ந்து பரந்த புதிய பள்ளிவாசலைக் கட்டினார்.

பழைய பள்ளிவாசலை அவர் இடிக்கவில்லை. அல்லாஹ்வின் இல்லத்தை இடிப்பது எவருக்கும் எளிதான செயலன்று. கூரையின் நீர்த்தாரைகளை அடைத்துவிட்டார், மீதியை மழை பார்த்துக் கொண்டது என்று ஊரில் வழிவழியாகச் சொல்லப்படுவதுண்டு. அந்தச் செவிவழிச் செய்தியை எப்படி எடுத்துக் கொண்டாலும், மண் கட்டடத்தின் இயல்பு அதுவே. பூசும் கைகள் நின்றால் போதும், சில மழைக்காலங்களில் சுவர் கரையத் தொடங்கிவிடும். 1828இல் ஜென்னேவுக்கு வந்த பிரெஞ்சுப் பயணி ரெனே கையே, அந்தப் பெரும் பள்ளிவாசல் கவனிப்பாரின்றிக் கிடந்ததையும், ஆயிரக்கணக்கான குருவிகள் அதனுள் கூடு கட்டியிருந்ததையும், மக்கள் வெளியே ஒரு சிறு முற்றத்தில் தொழுததையும் எழுதியிருக்கிறார்.

செகு அமது மார்க்கப் பற்றுக் குறைந்தவர் அல்லர். ஆடம்பரம் மார்க்கத்தின் எளிமையை மறைத்துவிடக் கூடாது என்ற அவருடைய கவலையில் நியாயமும் உண்டு. ஆனால் ஊரிலுள்ள எல்லாச் சிறு பள்ளிவாசல்களையும் மூடி, ஒரே மையத்தில் அனைவரையும் சேர்க்கும்போது, பல தலைமுறைகள் தம் கையால் பேணிய இடங்களோடு அவர்களுக்கிருந்த உறவும் சேர்ந்தே அறுந்துவிடுகிறது. சீர்திருத்தத்தை விரும்பும் எந்தச் சமூகமும் இந்த இழப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கட்டாய உழைப்பில் எழுந்த சுவர்

1893இல் பிரெஞ்சுப் படை ஜென்னேவைக் கைப்பற்றியது. 1906இல் பிரெஞ்சு நிர்வாகம் பழைய பள்ளிவாசலை அதன் பழைய இடத்திலேயே மீண்டும் கட்ட ஏற்பாடு செய்தது. செகு அமதுவின் பள்ளிவாசல் இருந்த இடத்தில் ஒரு பள்ளிக்கூடம் எழுந்தது. ஊர்க் கொத்தனார் சங்கத்தின் தலைவர் இஸ்மாயிலா த்ராவோரேயின் மேற்பார்வையில் 1907இல் பள்ளிவாசலின் பணி நிறைவுற்றது. அதைக் கட்டிய உழைப்பு மக்கள் மனமுவந்து தந்தது அன்று. காலனி ஆட்சி வாங்கிய கட்டாய உழைப்பு அது.

இந்தக் கட்டடம் யாருடையது என்ற வாதம் அப்போதே தொடங்கிவிட்டது. இடிபாடுகளை முன்பு பார்த்திருந்த பிரெஞ்சு எழுத்தாளர் ஃபெலிக்ஸ் துபுவா, 1910இல் திரும்பி வந்து புதிய கட்டடத்தைக் கண்டு அதிர்ந்தார். இதில் ஊரின் பழமை இல்லை, இது ஐரோப்பியக் கைவண்ணம் என்பது அவருடைய எண்ணம். பின்னாளில் ஆய்ந்த கட்டடக் கலை அறிஞர்கள் சிலர் அதை மறுத்தார்கள். வெளிச்சுவர்களில் சில பழைய சுவர்களின் தடத்திலேயே நிற்கின்றன, கட்டியவர்கள் ஊர்க் கொத்தனார்கள், கட்டும் முறையும் அவர்களுடையதே என்றார்கள். கிப்லாச் சுவரில் மூன்று கோபுரங்களைச் சமச்சீராக நிறுத்தியது அப்போது நுழைந்த புதுமையாக இருக்கக்கூடும். ஆக, பழமையும் புதுமையும் கலந்துதான் அது எழுந்தது.

1930இல் பிரான்சின் தென்பகுதியிலுள்ள ஃப்ரெஜுஸ் நகரில், பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய ஆப்பிரிக்க வீரர்களுக்காக ஜென்னேப் பள்ளிவாசலின் சாயலில் ஒரு கட்டடம் எழுப்பப்பட்டது. அது சிமெண்டால் கட்டப்பட்டு, மண்ணின் நிறம் தோன்றச் செங்காவி தீட்டப்பட்டது. இன்றும் அது நிற்கிறது. மழை அதை எளிதில் கரைக்காது. ஆண்டுதோறும் ஓர் ஊர் கூடிப் பூச வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. ஜென்னேயிலிருந்து வடிவம் மட்டுமே அங்கே போய்ச் சேர்ந்தது.

ஜென்னேயில் நிகழ்ந்தது வேறு. கட்டாயத்தின் பேரில் எழுந்த சுவரை, அடுத்தடுத்த தலைமுறைகள் விருப்பத்தோடு பூசத் தொடங்கின. ஆட்சியாளன் வாங்கிய உழைப்பு, காலப்போக்கில் மக்கள் தாமாகவே தரும் உழைப்பாயிற்று. பிரெஞ்சு ஆட்சி 1960இல் மாலியைவிட்டு அகன்றது. பள்ளிவாசல் ஊரிடம் நின்றது. கட்டடத்தைத் தொடங்கியவர் யார் என்ற கேள்விக்கு வரலாற்றில் இடமுண்டு. ஆயினும் ஆண்டுக்காண்டு அதைத் தாங்கி நிற்பவர் யார் என்பதே அது யாருடையது என்பதைத் தீர்மானித்தது.

ஒரு நாள் வேலையின் உள்ளே

பூச்சு நாளின் வேலை பல நாள்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஆற்றங்கரைக் களிமண்ணைக் கொண்டு வந்து குழிகளில் இட்டு, நெல் உமி கலந்து, நீர் ஊற்றிப் புளிக்க விடுகிறார்கள். அவ்வப்போது அதைக் கிளறிவிட வேண்டும். இந்த வேலை சிறுவர்களுக்கு உரியது. அவர்கள் குழிக்குள் இறங்கி விளையாடுகிறார்கள், சேறும் பதமாக மிதிபடுகிறது. உமி அழுகிக் களிமண்ணோடு ஒன்றாகும்போது அது வெடிக்காத, நீர் எளிதில் புகாத சாந்தாகிறது.

பூச்சு நாளன்று விடியற்காலையில், முதல் கூடைச் சேற்றைப் பள்ளிவாசலுக்கு யார் கொண்டு சேர்ப்பது என்று இளைஞர்களிடையே ஓட்டப் போட்டி நடக்கும். அதன்பின் ஊரே வேலையில் இறங்கும். பாரே தோன் எனப்படும் கொத்தனார் சங்கத்தினர் முழு வேலையையும் நெறிப்படுத்துவார்கள். சுவரில் நீட்டியிருக்கும் பனந்தடிகள் அழகுக்காக மட்டும் வைக்கப்பட்டவை அல்ல. அவை நிரந்தரமான சாரம். அவற்றில் கால் ஊன்றித்தான் கொத்தனார்கள் உயரே ஏறுகிறார்கள். அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் பூச்சு வேலை உண்டு என்பதை மனத்தில் கொண்டே அந்தக் கட்டடம் கட்டப்பட்டிருக்கிறது.

இந்த ஒரு நாள் ஊருக்கு என்ன செய்கிறது? முதலாவதாக, கொத்துத் தொழில் அழியாமல் காக்கப்படுகிறது. ஜென்னேயில் கொத்துத் தொழிலைச் சிறுவயதிலேயே ஆசானிடம் சேர்ந்து பயில்கிறார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வழிவழியாக ஒரு கொத்தனார் குடும்பம் உண்டு. வீட்டின் சுவர் எங்கே வலுவற்றது, கூரை எந்த மூலையில் ஒழுகும் என்பது அவருக்குத் தெரியும். அவரிடையே எழும் பூசல்களைச் சங்கமே தீர்த்து வைக்கும். பள்ளிவாசல் பூச்சு, அந்தச் சங்கம் ஊரார் அனைவர் முன்னும் பொறுப்பேற்கும் நாள்.

இரண்டாவதாக, எவரும் பயனற்றவராக ஒதுக்கப்படுவதில்லை. சிறுவனின் விளையாட்டும், பெண்ணின் குடம் நீரும், இளைஞனின் ஓட்டமும், கொத்தனாரின் கையும், முதியவரின் சொல்லும் ஒரே வேலையின் பகுதிகள். பள்ளிவாசலுக்கு நன்கொடை தர வசதியில்லாத ஏழைக்கும், இந்தச் சுவரில் என் கையும் பட்டிருக்கிறது என்று சொல்லும் உரிமை கிடைக்கிறது. பணத்தால் மட்டும் பேணப்படும் ஒரு பள்ளிவாசலில் இந்த உரிமை எளியவருக்குக் கிடைப்பது கடினம்.

மாறியவையும் மாறாதவையும்

இந்த மரபு மாற்றங்களை ஏற்காமல் நின்றதில்லை. பழைய நாளில் ஜென்னேக் கொத்தனார்கள் கையால் உருட்டிய உருளை வடிவ மண்கட்டிகளால் சுவர் எழுப்பினார்கள். 1930களில் அச்சில் வார்த்த செவ்வகக் கட்டி பரவியது. அதற்கு மக்கள் இட்ட பெயர் வெள்ளைக்காரன் கட்டி என்று பொருள்படுவது. இன்று ஊரின் பெரும்பகுதி அந்தக் கட்டியாலேயே நிற்கிறது. பள்ளிவாசலுக்கு மின்சாரமும் ஒலிபெருக்கியும் வந்து பல காலமாயிற்று. இவற்றால் எவரும் மரபு போயிற்று என்று அழவில்லை.

இஸ்லாமிய வரலாற்றில் இதற்கு முன்மாதிரி உண்டு. மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசல் வெயிலில் காய்ந்த மண்கட்டியால் கட்டப்பட்டது. பேரீச்ச மரங்கள் தூண்களாயின, பேரீச்ச ஓலை கூரையாயிற்று. கட்டும்போது நபியவர்களும் தோழர்களோடு கற்களைச் சுமந்தார்கள். அபூபக்ர் (ரழி) அதில் எதையும் கூட்டவில்லை. உமர் (ரழி) அதை விரிவாக்கினார்கள், பழைய பொருள்களையே பயன்படுத்தினார்கள். உஸ்மான் (ரழி) காலத்தில் செதுக்கிய கல்லும் சுண்ணச் சாந்தும் தேக்கு மரக் கூரையும் வந்தன. இப்னு உமர் (ரழி) அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஒருவர் அப்படியே வைத்தார், ஒருவர் பழைய முறையிலேயே பெரிதாக்கினார், ஒருவர் முறையையே மாற்றினார். மூவரும் நேர்வழி நின்ற கலீஃபாக்கள். மாற்றம் அப்போதும் பேசப்படாமல் நிகழவில்லை. உஸ்மான் (ரழி) அவர்களின் கட்டுமானத்தைக் குறித்து மக்கள் பலவாறு பேசினார்கள், அவர்கள் தம் நோக்கத்தை எடுத்துச் சொன்னார்கள். மாற்றுபவர் மக்களிடம் விளக்கம் தரக் கடமைப்பட்டவர் என்னும் படிப்பினை இதில் இருக்கிறது.

அன்பே சுமையானபோது

இந்தப் படிப்பினை மறக்கப்பட்டபோது என்ன நேரும் என்பதையும் ஜென்னே காட்டிவிட்டது.

ஆண்டுதோறும் பூசும் மண் சுவரைக் காக்கிறது. அதே மண் பல பத்தாண்டுகளாக அடுக்கடுக்காகச் சேரும்போது சுவரும் கூரையும் தாங்க வேண்டிய எடை கூடிக்கொண்டே போகிறது. மக்கள் அன்போடு இட்ட மண்ணே கட்டடத்துக்கு ஆபத்தாகிறது. இதை அறிந்த வல்லுநர்கள், ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையின் நிதியில் பள்ளிவாசலைச் சீரமைக்கத் திட்டமிட்டார்கள். அதன் முதற்படியாக 2006ஆம் ஆண்டு ஜனவரி 20 அன்று ஒரு குழு கூரையின் மேல் ஏறி, அதன் நிலையை அறிய அதைக் கொத்திப் பார்க்கத் தொடங்கியது.

கீழிருந்து பார்த்த ஊராருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: யாரோ சிலர் நம் பள்ளிவாசலின் கூரையை வெட்டுகிறார்கள். கூட்டம் திரண்டது. பள்ளிவாசலுக்குள் பொருத்தியிருந்த, அமெரிக்கத் தூதரகம் அன்பளித்த மின்விசிறிகள் பிடுங்கி எறியப்பட்டன. பண்பாட்டு அலுவலகம் சூறையாடப்பட்டது. நகரத் தலைவரின் வீடும் இமாமின் வாகனங்களும் தாக்கப்பட்டன. உள்ளூர்க் காவலரால் அடக்க முடியாமல் மொப்தி நகரிலிருந்து கூடுதல் படை வரவழைக்கப்பட்டது. ஓர் உயிரும் பலியானது.

சொத்தை அழித்ததையும் உயிரிழப்பையும் நியாயப்படுத்த மார்க்கத்தில் இடமில்லை. ஆயினும் அதன் வேரைப் புரிந்துகொள்ளாமல் கடந்து செல்லவும் கூடாது. வல்லுநர்கள் சொன்னது உண்மை. கூரை சுமையால் நலிந்துதான் இருந்தது. ஆனால் அந்த உண்மையை, ஆண்டுதோறும் அந்தக் கூரையைத் தம் கையால் பூசியவர்களோடு அமர்ந்து பேசி, அவர்கள் மனம் ஏற்கும்படி செய்ய வேண்டியிருந்தது. தம் வீட்டுக் கூரையில் ஒருவர் முன்னறிவிப்பின்றி ஏறினால், அவர் பழுது பார்க்க வந்தவரே ஆனாலும், நாம் முதலில் கேட்பது ‘நீ யார்?’ என்றுதானே!

மேலும் சில ஆண்டுகளில் இயற்கையே எச்சரித்தது. 2009 நவம்பரில், ஒரே நாளில் 75 மில்லிமீட்டர் மழை கொட்டியதில், கிப்லாச் சுவரின் தெற்குக் கோபுரத்தின் மேற்பகுதி சரிந்தது. பின்னர் அதே அறக்கட்டளையின் உதவியுடன் சீரமைப்புப் பணி நடைபெற்றது. ஊர்க் கொத்தனார்களின் கைகளாலேயே, சேர்ந்திருந்த பழைய மண் அடுக்குகள் நீக்கப்பட்டன, சரிந்த கோபுரம் மீண்டும் எழுந்தது. மண்ணைச் சேர்ப்பது மட்டுமே மரபு என்று எண்ணியிருந்த இடத்தில், தேவையானபோது களைவதும் மரபைக் காப்பதே என்பது புலனாயிற்று.

புகழும் அதன் விலையும்

1988இல் ஜென்னேவின் பழைய நகரங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதனால் பயணிகள் வந்தார்கள், வழிகாட்டிகளுக்கும் கைவினைஞர்களுக்கும் வருவாய் வந்தது. 1996 முதல் சில ஆண்டுகள் நெதர்லாந்தின் நிதியுதவியால் பழைய வீடுகள் பல பழுது பார்க்கப்பட்டன. வேலையின்றிப் பெருநகரங்களுக்குப் போயிருக்கக் கூடிய இளம் கொத்தனார்கள் ஊரிலேயே தொழில் கற்றார்கள். இவை மறுக்க முடியாத நன்மைகள்.

விலையும் இருந்தது. 1996இல் ஒரு வெளிநாட்டு ஃபேஷன் இதழுக்காகப் பள்ளிவாசலுக்குள் அரைகுறை ஆடை அணிந்த பெண்களைப் படம் எடுத்தார்கள். ஊர் கொதித்தது. அதன்பின் முஸ்லிமல்லாதோர் உள்ளே வருவதற்குத் தடை வந்தது. அந்நியர் பெருக வேண்டும் என்ற துஆவோடு தொடங்கிய ஊரில் அப்படியொரு பலகை தொங்க நேர்ந்ததற்கு, விருந்தினரின் நாணமின்மையே காரணம்.

அதைவிட ஆழமான சுமை வீடுகளில் விழுந்தது. பள்ளிவாசலைப் பூச ஊர் முழுவதும் வரும். தனி வீட்டைப் பூசுவது அந்தந்தக் குடும்பத்தின் செலவு. முன்பு எளிதாகக் கிடைத்த உமிக்கும் இப்போது விலை உண்டு. ஆகவே சிலர் சுட்ட மண் ஓடுகளைச் சுவரில் பதித்தார்கள். அறைகளைப் பெரிதாக்கவும், சிமெண்ட் தரையும் குளியலறையும் அமைக்கவும் விரும்பினார்கள். பாரம்பரியம் கெடும் என்று அதிகாரிகள் அதை விரும்பவில்லை. மண் தரையிலும் இருண்ட சிறு அறையிலும் வாழ்பவர் ஒருவர். அது அப்படியே இருக்க வேண்டும் என்று முடிவு செய்பவர் வேறொருவர். இந்நிலையில் மரபு ஒரு நிஃமத்தாக இராமல் தண்டனையாக மாறிவிடுகிறது. பழமை அழகானது என்று சொல்லும் நாம், அதைப் பேணும் செலவை யார் தலையில் வைக்கிறோம் என்றும் கேட்டாக வேண்டும்.

அச்சத்தின் நடுவிலும்

2012இல் மாலியின் வடக்கே மூண்ட போரும், பின்னர் நடுப் பகுதிக்குப் பரவிய வன்முறையும் ஜென்னேவின் சுற்றுலாவை முடக்கின. 2016இல் யுனெஸ்கோ இந்நகரை ஆபத்திலுள்ள பாரம்பரியங்களின் பட்டியலில் சேர்த்தது. விடுதிகளுக்கு ஆள் வரவில்லை. வழிகாட்டிகள் வேறு வேலை தேடினார்கள்.

பூச்சு மட்டும் நிற்கவில்லை. ஆபத்துப் பட்டியலில் சேர்ந்த பிறகும், 2024ஆம் ஆண்டிலும், ஆயிரக்கணக்கானோர் திரண்டு சேறு சுமந்து பள்ளிவாசலைப் பூசினார்கள். பார்வையாளருக்காக நடத்தப்பட்ட விழாவாக மட்டும் அது இருந்திருந்தால், பார்வையாளர் போனவுடன் அதுவும் போயிருக்கும். மழை வரப்போகிறது, சுவர் நிற்க வேண்டும், நாளை ஜும்ஆ தொழ வேண்டும் என்ற தேவை இருந்ததால் அது நின்றது. போர்ச் சூழலில் அண்டை வீட்டாரையே ஐயத்தோடு பார்க்கும் நிலை உருவாகும்போது, ஊரார் அனைவரும் ஒரே சேற்றில் கை வைக்கும் ஒரு நாள் எத்தகைய அருட்கொடை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நமக்கான கேள்வி

ஜென்னேவின் வரலாற்றிலிருந்து நாம் பெறுவது, பழைய கட்டடங்களை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்ற அறிவுரை அன்று. அங்கே கட்டியின் வடிவம் மாறியது, கோபுரம் மாறியது, ஆட்சிகள் மாறின. மாறாமல் இருந்தது, ஊரார் அனைவருக்கும் அந்த வேலையில் இடம் உண்டு என்பது மட்டுமே. அந்த இடம் மறுக்கப்பட்டபோதெல்லாம் சேதம் நிகழ்ந்தது. ஒரு முறை நல்லெண்ணம் கொண்ட சீர்திருத்தவாதியாலும், ஒரு முறை நல்லெண்ணம் கொண்ட வல்லுநர்களாலும் அது மறுக்கப்பட்டது. நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நம் மஹல்லாக்களிலும் பழைய வழக்கங்கள் சில மீண்டும் உயிர் பெறுகின்றன, சில புது வடிவம் கொள்கின்றன. ஒரு காலத்தில் ரமளானுக்கு முன் மஹல்லாவின் இளைஞர்கள் கூடிப் பள்ளிவாசலுக்கு வெள்ளையடித்தார்கள், ஹவ்ளைக் கழுவினார்கள், பாய்களை வெயிலில் உலர்த்தினார்கள். இன்று பல இடங்களில் ஒப்பந்தக்காரர் வந்து செய்துவிட்டுப் போகிறார். வேலை திருத்தமாகத்தான் நடக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நன்கொடைப் பட்டியலில் பெயர் இல்லாத ஒரு கூலித் தொழிலாளி, பள்ளிக்கூடம் செல்லும் ஒரு சிறுவன், வீட்டிலிருக்கும் ஒரு மூதாட்டி ஆகியோர், ‘இது என் பள்ளிவாசல், இதில் என் கையும் பட்டிருக்கிறது’ என்று சொல்ல நாம் எந்த வேலையை மீதம் வைத்திருக்கிறோம்?

எந்தவொரு மரபையும் புதுப்பிக்கவோ மாற்றவோ விட்டுவிடவோ ஒரு ஜமாஅத் கூடும்போது, முதலில் இந்தக் கேள்வியை எடுத்துக் கொள்ளட்டும். பானி ஆற்றங்கரையில் சேறு மிதிக்கும் அந்தச் சிறுவர்களுக்குத் தாம் ஒரு மரபைக் காக்கிறோம் என்பது தெரியாது. ஒரு நாள் அவர்களே பனந்தடி ஏறிச் சுவர் பூசுவார்கள். பிறகொரு நாள் சந்தைத் திடலில் முதியவர்களாக அமர்ந்து, அடுத்த தலைமுறை பூசுவதைப் பார்ப்பார்கள். அல்லாஹ் அந்த ஊருக்கு அமைதியைத் தருவானாக. நம் ஊர்களிலும் அத்தகைய கைகளை அவன் பெருக்குவானாக. ஆமீன்.